யாருடைய கையெழுத்து? - மென்பொருள் பேரேடுகளின் கதை

டேட்டா சயன்ஸ் என்றாலே நேற்று பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் மாதிரி பேசுகிறார்கள். பெயர் வேண்டுமானால் புதுசாக இருக்கலாம். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்களைத் தாங்களே எண்ணிப் பார்க்க ஆரம்பித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. எத்தனை பேர் எழுதுகிறார்கள், யார் எவ்வளவு எழுதினார், யார் போனால் எது நின்றுவிடும் என்ற கேள்விகளுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. கொஞ்ச நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பி.காம். ஆசாமி. வாழ்க்கையில் நாலு வரி நிரல் எழுதியதில்லை. ஆனால் பேரேட்டைப் புரட்டி, எந்தப் பதிவை யார் போட்டார், யார் சரிபார்த்தார் என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. அதனால் இந்தக் கதை எனக்கு அந்நியமாகப் படவில்லை. உங்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. நீங்கள் போனில் பணம் அனுப்பும்போது நடுவில் ஓடுகிற மென்பொருளில் பெரும்பகுதி முகம் தெரியாத சிலர் எழுதி, இனாமாகக் கொடுத்தது.

ஆரம்பத்தில் கணக்கு சுலபமாக இருந்தது. கம்பெனிக்குள்ளேயே நிரலர்கள், மாதச் சம்பளம், எழுதிய வரிகளை எண்ணு, ஆளுக்கு இத்தனை என்று வகு. நெசவாலையில் கஜக் கணக்கு பார்ப்பது போல. இதில் முதலில் குட்டையைக் குழப்பியவர் ஃப்ரெட் புரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனத்தில் சிஸ்டம் 360 கணினிக்கான இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை நடத்தியவர். 1975-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு குழுவில் 5 பேர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தைக்கு 10 ஜோடிகள். 10 பேர் என்றால் 45. 50 பேர் என்றால் 1,225. ஆளைக் கூட்டினால் வேலை கூடுவதைவிடப் பேச்சு கூடும். அதனால், ஏற்கெனவே தாமதமான வேலையில் புது ஆட்களைப் போட்டால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட முடிவு. (மார்ச் கடைசியில் எங்கள் கிளைக்கு உதவிக்கு என்று வேறு கிளையிலிருந்து ஆள் அனுப்புவார்கள். புரூக்ஸ் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.)

1981-ல் பாரி போயம் என்பவர் கொகோமோ என்று ஒரு சூத்திரம் கொடுத்தார். இத்தனை ஆயிரம் வரி என்றால் இத்தனை ஆள்-மாதம், இவ்வளவு செலவு. நாங்கள் கல்லூரியில் காஸ்டிங் என்று படித்தோமே, அதன் மென்பொருள் அவதாரம். ஆக, 1980-களில் மென்பொருள் எண்ணிக்கை என்பது முதலாளியின் கணக்கு.

பிறகு இணையம் வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை ஆரம்பித்தார். சம்பளம் இல்லாமல், மேனேஜர் இல்லாமல், உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து எழுதினார்கள். புரூக்ஸ் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. நடந்தது. 1997-ல் எரிக் ரேமண்ட் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பழைய முறை தேவாலயம் கட்டுவது மாதிரி, புதிய முறை சந்தைக்கடை மாதிரி. பார்க்கிற கண்கள் நிறைய இருந்தால் எந்த வழுவும் ஒளிந்திருக்க முடியாது என்பது சாரம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நல்ல எழுத்து, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு குறை. அதில் புள்ளிவிவரம் கிடையாது. சந்தையில் எத்தனை கடை, எத்தனை வியாபாரி, யார் உண்மையில் விற்கிறார், யார் சும்மா வேடிக்கை பார்க்கிறார் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர்களில் முன்னோடிகள் இரண்டு இந்தியர்கள். இந்தத் தகவல் நம்மவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரிஷப் அய்யர் கோஷ், விபுல் வேத் பிரகாஷ் என்று இருவர். கோஷ் 1996-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் மண்டே என்ற இணைய ஆய்விதழின் நிறுவனர்களில் ஒருவர். விபுல் எரிதங்களை, அதாவது குப்பை மின்னஞ்சல்களை, வடிகட்டும் மென்பொருள் எழுதியவர். 2000-ஆம் ஆண்டு இவர்கள் ஆர்பிட்டன் சர்வே என்று ஒன்றை வெளியிட்டார்கள். யாரிடமும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. நேராக நிரலையே படித்தார்கள். நிரலர்கள் கோப்பின் தலைப்பில் தங்கள் பெயர், மின்னஞ்சல், காப்புரிமை வரி எல்லாம் எழுதி வைப்பது வழக்கம். அவற்றை ஒரு மென்பொருளைக் கொண்டு திரட்டி, யார் பெயரில் எவ்வளவு என்று கூட்டிவிட்டார்கள். 3,149 திட்டங்கள், 12,706 பேர், சுமார் இரண்டரைக் கோடி வரிகள்.

முடிவு என்ன தெரியுமா? மேல் தட்டில் இருந்த 10 சதவீதம் பேர் எழுதியது மொத்த நிரலில் 72 சதவீதம். சந்தைதான், ஆனால் பத்துக் கடைக்காரர்கள் ஊரையே நடத்துகிற சந்தை.

வங்கியில் இருக்கிறவனுக்கு இது ஒன்றும் ஆச்சரியம் இல்லை. எந்தக் கிளையிலும் டெபாசிட் பட்டியலை எடுத்து இறங்குவரிசையில் அடுக்கினால் முதல் சில பக்கங்களிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடும். முதல் 20 டெபாசிட்தாரர்கள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு வங்கியும் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த இருபது பேரும் ஒரே நாளில் வந்து நின்றால் என்ன ஆகும் என்ற பயம்தான் காரணம். மென்பொருள்காரர்களுக்கு அந்தப் பயம் வருவதற்கு இன்னும் பதினான்கு வருஷம் ஆயிற்று. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆர்பிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஒரு மனிதர் இல்லை, ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு. பலர் தாங்கள் எழுதியதன் உரிமையை அந்த அமைப்புக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். டிரஸ்ட் பெயரில் கணக்கு இருந்தால் பணம் போட்ட கை எது என்று பேரேட்டில் தெரியாதல்லவா, அதே சங்கடம். தரவைத் தப்பாகப் படிக்க இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து ஆட்ரிஸ் மாக்கஸ், ராய் ஃபீல்டிங், ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப் மூவரும் அப்பாச்சி வலைவழங்கியை ஆராய்ந்தார்கள். ஃபீல்டிங் அப்பாச்சியை உருவாக்கியவர்களிலேயே ஒருவர். இந்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் ஒரே எண்ணோடு நிற்காமல், வேலையை வகை பிரித்துப் பார்த்தது. நிரல் எழுதியவர்கள் சுமார் 400 பேர். அதில் முதல் 15 பேர் செய்ததுதான் 80 சதவீதத்துக்கும் மேல். சரி, இது கோஷ் சொன்னதுதான். ஆனால் வழுவைத் திருத்துவதில் அந்தப் பதினைந்து பேரின் பங்கு குறைகிறது. கோளாறு இருக்கிறது என்று புகார் சொன்னவர்களோ 3,060 பேர், 3,975 புகார்கள். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. நடுவில் கட்டுகிறவர்கள் சிலர், சுற்றிச் செப்பனிடுகிறவர்கள் கொஞ்சம் அதிகம், அதற்கும் வெளியே குறை சொல்கிறவர்கள் ஏராளம். ரேமண்ட் சொன்ன கண்கள் நிஜம்தான். அவை பெரும்பாலும் வெளி அடுக்கில் இருந்தன.

2002-ல் சந்தீப் கிருஷ்ணமூர்த்தி இன்னும் ஒரு போடு போட்டார். சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இருந்த நன்கு வளர்ந்த 100 திட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணினார். இடைநிலை எண் 4. அதிகமான திட்டங்களில் காணப்பட்ட எண் 1. ஒன்றே ஒன்று! சமூகமா, குகையா என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். பொருத்தம்தான். நாம் ஊர்வலம் என்று நினைத்தது பெரும்பாலும் ஒற்றை ஆள் நடந்து போனது.

இதே காலத்தில் டேவிட் வீலர் என்பவர் வேறு மாதிரி கணக்குப் போட்டார். ரெட் ஹாட் லினக்ஸ் 7.1 வட்டுகளில் மொத்தம் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி, அதை போயமின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தார். 3 கோடி வரிகளுக்கு மேல், 8,000 ஆள்-ஆண்டு உழைப்பு. அமெரிக்கக் கம்பெனி ஒன்று வழக்கமான முறையில் எழுதியிருந்தால் 100 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கும் என்றார். 2001-ல். எந்த நிறுவனத்தின் ஐந்தொகையிலும் இந்தச் சொத்து ஏறவில்லை. அது சரி, இதைப் பராமரிக்க ஆண்டுச் செலவு எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு? சொத்தின் மதிப்பைக் கேட்டு எல்லாரும் கை தட்டினார்கள். மராமத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டவர்கள் குறைவு.

இனி பேரேடு. இதுதான் என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லினக்ஸ் கருநிரலுக்கு 2002 வரை முறையான மாற்றப் பதிவே கிடையாது. திருத்தங்கள் மின்னஞ்சலில் வரும், லினஸ் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். பிறகு பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளைக் கொஞ்ச காலம் பயன்படுத்தினார்கள். அதில் தகராறு வந்ததும் 2005 ஏப்ரலில் லினஸ் தாமே கிட் என்ற கருவியை எழுதினார். கிட் என்பது, கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், கிழிக்க முடியாத பேரேடு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முத்திரை எண் உண்டு. அந்த எண் முந்தைய பதிவின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. நடுவில் ஒரு பக்கத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் மாறிவிடும், திருட்டு தெரிந்துவிடும். அதோடு எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று இரண்டு பெயர்கள், இரண்டு நேரங்கள். எங்கள் மேக்கர்-செக்கர் முறையேதான்.

ஒரே ஒரு ஓட்டை. பெயர், மின்னஞ்சல் இரண்டையும் எழுதுகிறவரே தட்டச்சு செய்கிறார். யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. கே.ஒய்.சி. இல்லாமல் கணக்குத் திறந்த மாதிரி. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தப் பேரேட்டைப் படிப்பதே இன்று ஒரு உத்தியோகம். என் அக்கா மகள் பெங்களூரில் அந்த வேலையில்தான் இருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது, "மாமா, மாடல் கீடல் எல்லாம் பத்து நாள்ல ஒரு நாள்தான். மிச்ச ஒன்பது நாளும் பேரை ஒட்ட வைக்கிறதுதான் வேலை" என்றாள். ஒரே ஆள் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல், வீட்டில் ஒன்று, வேலை மாறினால் இன்னொன்று. மூன்று பேராகப் பேரேட்டில் உட்கார்ந்திருப்பார். நம் ஊர்க்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். எஸ். ராமன், ராமன் எஸ்., ராமன் சுப்பிரமணியன். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று நமக்கே தீராத வழக்கு. "எங்கள் வங்கியில் ஒரே வாடிக்கையாளருக்கு நாலு கஸ்டமர் ஐ.டி. இருந்ததை ஒட்டுவதற்கு இரண்டு வருஷம் ஆச்சும்மா" என்றேன். சிரித்தாள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஒரு திட்டத்தில் பத்துப் பேர் இருப்பதாகத் தெரியும், உள்ளே போய்ப் பார்த்தால் நாலு பேர்தான் இருப்பார்கள்.

பேரேட்டில் ஏறாதவர்களும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் கே.டி.இ., க்னோம் திரைகளைத் தமிழாக்கியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் உட்கார்ந்து சொல் தேடி அனுப்புவார்கள், ஒருங்கிணைப்பவர் தன் கணக்கிலிருந்து ஏற்றுவார். பேரேட்டில் ஏற்றிய கைதான் தெரியும். கோஷ் பங்கேற்ற 2002-ஆம் ஆண்டு ஃப்ளாஸ் கணக்கெடுப்பில் 2,784 பேர் பதில் சொன்னார்கள், பெண்கள் சுமார் 1 சதவீதம். ஆவணம் எழுதுவது, மொழிபெயர்ப்பது, கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியிருந்தால் அந்த எண் வேறாக இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பேரேடு இன்னொரு கட்டுக்கதையையும் உடைத்தது. லினக்ஸ் என்றால் இரவில் கண் விழித்து இலவசமாக எழுதும் இளைஞர்கள் என்று ஒரு சித்திரம் இருந்ததே? லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2008-ல் வெளியிட்ட அறிக்கை, கருநிரல் வேலையில் 70 சதவீதத்துக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள் செய்தது என்று காட்டியது. ரெட் ஹாட், ஐ.பி.எம்., இன்டெல் என்று போகிறது பட்டியல். இதில் தப்பு ஒன்றும் இல்லை. கருநிரல் பெரிய கோயில், உபயதாரர்கள் நிறைய. கவலை எல்லாம் விளக்கேற்ற எண்ணெய் இல்லாத சின்னக் கோயில்களைப் பற்றித்தான்.

அப்படி ஒரு சின்னக் கோயில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். இணையத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே, அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள்களில் ஒன்று. 2011 டிசம்பர் 31 இரவு, உலகம் புத்தாண்டுக்குத் தயாராகும்போது, அதில் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஒருவர் எழுதினார், இன்னொருவர் பார்த்துச் சேர்த்தார். மேக்கரும் இருந்தார், செக்கரும் இருந்தார். இருவர் கண்ணிலும் ஒரு சின்னச் சரிபார்ப்பு விட்டுப்போனது. கேட்ட அளவு உண்மையா என்று பார்க்காமல், கேட்டவனுக்கு வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்துவிடும். வவுச்சரில் 10 ரூபாய், வாயில் கேட்பது 64,000 ரூபாய், கேஷியர் எண்ணாமல் எடுத்து நீட்டுகிறார்! 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 5 லட்சம் தளங்கள் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தன.

அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உலகத்தின் பாதிக் கடைக்குப் பூட்டுச் செய்து கொடுத்த அந்தத் திட்டத்தில் முழுநேர ஆள் ஒருவர். நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஆண்டுக்கு சுமார் 2,000 டாலர் என்று அதன் நிதி விவகாரங்களைப் பார்த்தவரே சொன்னார். உடனே கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் எல்லாம் ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் 3 ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொல்லி ஒரு நிதியம் ஆரம்பமானது. வீடு எரிந்த பிறகு கிணறு.

நான் மேலே சொன்ன டெபாசிட் பயம் இப்போதுதான் இங்கே வந்தது. இதற்கு ஒரு பெயரும் இருக்கிறது: பஸ் எண். எத்தனை பேர் மேல் பஸ் ஏறினால் திட்டம் நின்றுபோகும்? கொஞ்சம் அமங்கலமான பெயர்தான். பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் பஸ்ஸில் அடிபட்டால் என்ன ஆகும் என்று 1994-லேயே ஒருவர் கேட்டிருக்கிறார். (அவர் சௌக்கியமாக இருந்து, 2018-ல் தாமாகவே தலைமையிலிருந்து விலகிக்கொண்டார்.) பேச்சு பழசு, முறையாக அளந்தது புதுசு. 2016-ல் பிரேசில் ஆய்வாளர்கள் கிட்ஹப்பில் பிரபலமான 133 திட்டங்களின் பேரேடுகளைக் குடைந்து கணக்கிட்டார்கள். 65 சதவீதத்தில் அந்த எண் 2 அல்லது அதற்கும் கீழே. லினக்ஸ் ஃபவுண்டேஷனும் ஹார்வர்டும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பயன்படும் 50 தொகுப்புகளில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றில், ஒரே நபர்தான் சேர்க்கப்பட்ட வரிகளில் 80 சதவீதத்துக்கு மேல் எழுதியிருந்தார்.

இவ்வளவு எண்கள் வந்ததும் என்ன ஆகும்? எண்ணையே துரத்த ஆரம்பிப்பார்கள். இதைப் பற்றி முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஒரு மத்திய வங்கிக்காரர் என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை :-) பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் குட்ஹார்ட், 1975. பணப்புழக்க எண்களை இலக்காக வைத்துப் பிடிக்கப்போனால் அந்த எண்ணுக்கும் பொருளாதாரத்துக்கும் இருந்த உறவே குலைந்துவிடும் என்றார். நம் நாட்டில் ஜன் தன் கணக்குகளில் இருப்பு பூஜ்யம் என்று பத்திரிகைகள் எழுதியபோது, சில கிளைகளில் ஊழியர்களே ஆளுக்கு 1 ரூபாய் போட்டுப் பூஜ்யத்தை ஒழித்தார்கள் என்று 2016-ல் செய்தி வந்ததே, அதுதான் குட்ஹார்ட் விதி.

மென்பொருளில் அந்த ஒரு ரூபாய், கிட்ஹப்பின் பச்சைக் கட்டங்கள். ஒரு நாளில் ஏதாவது பங்களித்தால் ஒரு கட்டம் பச்சையாகும். விடாமல் எத்தனை நாள் என்று ஒரு எண்ணும் காட்டினார்கள். அதைக் காப்பாற்றுவதற்கென்றே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு காற்புள்ளியை மாற்றி ஏற்றினார்கள். 2016-ல் கிட்ஹப் அந்த எண்ணை எடுத்துவிட்டது. 2020 அக்டோபர் கதை இன்னும் வேடிக்கை. ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற வருடாந்திர விழாவில் 4 திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-சர்ட் இலவசம். எப்படிச் சுலபமாக அனுப்புவது என்று ஒரு யூட்யூப் காணொளி செய்து காட்ட, ஆயிரக்கணக்கானோர் முன்பின் தெரியாத திட்டங்களுக்கு ஒரு சொல்லை மட்டும் சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். பராமரிக்கிறவர்கள் அதைத் தள்ளுபடி செய்வதிலேயே களைத்துப்போனார்கள். அதில் நம் மாணவர்கள் பங்கு கணிசம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. கல்லூரியில், வேலைவாய்ப்பு முகாமில், ரெஸ்யூமேயில் அந்தப் பச்சைக்கு மதிப்பு இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தது நாம்தானே, பையன்களைச் சொல்லி என்ன? கிட்ஹப் 2024 அறிக்கையில் 2028-க்குள் உலகிலேயே அதிக நிரலர்கள் அங்கே இந்தியர்களாக இருப்பார்கள் என்று கணித்திருந்தார்கள். சந்தோஷம். கணக்குத் திறப்பு விழாவும் கணக்கில் இருப்பும் வேறு வேறு என்று ஒரு வங்கிக்காரன் முணுமுணுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சில்லறை ஏமாற்று. 2024-ல் பெரியது வந்தது.

எக்ஸ்.இசட். என்று ஒரு சுருக்கும் மென்பொருள். அநேகமாக எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பல வருஷமாக ஒரே ஒருவர் சம்பளமின்றிப் பராமரித்தது. 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தார். நல்ல திருத்தங்கள். 2022-ல் வேறு சிலர் தோன்றி, திருத்தங்கள் தேங்குகின்றன, புதிய பராமரிப்பாளரைப் போடு என்று நெருக்கினார்கள். அதில் ஒருவர் பெயர் ஜிகர் குமார். நான் இருக்கும் வடோதராவில் தெருவுக்கு நாலு ஜிகர் உண்டு! அந்த ஜிகர் அநேகமாக ஒரு பொய் ஆள், அழுத்தம் கொடுப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட பெயர் என்பது பின்னால் எல்லாரும் வந்த முடிவு. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்று அந்தப் பராமரிப்பாளர் பதில் எழுதினார். கடைசியில் ஜியா டானுக்கு அதிகாரம் கிடைத்தது. 2023-ல் புதிய பதிப்புகளை அவரே வெளியிட்டார்.

ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த நாளில் இந்தத் திட்டத்தை ஒரு டேட்டா சயன்ஸ் அறிக்கையில் போட்டிருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். பஸ் எண் 1-லிருந்து 2 ஆனது. தேங்கிய திருத்தங்கள் நகர்ந்தன. புதிய பங்களிப்பாளர் தங்கியிருக்கிறார். எல்லாக் கட்டமும் பச்சை. ஆபத்து ஏற ஏற, அளவுகோல் நிம்மதி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் மூத்தவர்கள் சொல்வார்கள்: லீவே எடுக்காத, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற ஆபீசரைக் கொஞ்சம் கவனி என்று. ரிசர்வ் வங்கி 2021-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி முக்கியமான இருக்கைகளில் இருப்பவர்களை வருடத்தில் 10 வேலை நாட்கள், முன்னறிவிப்பு இல்லாமல், கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்தப் பத்து நாளில் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார், மூடி வைத்தது வெளியே வரும். சம்பளமே இல்லாதவரை யார் லீவில் அனுப்புவது, அந்த நாற்காலியில் யார் உட்காருவது?

2024 பிப்ரவரியில் வந்த 5.6.0, மார்ச்சில் வந்த 5.6.1 இரண்டிலும் ஒரு கள்ளக் கதவு இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக, சாவி வைத்திருக்கும் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம். அதை ஒளித்த விதம்தான் கணக்கனாக என்னை அசர வைத்தது. பகுதி சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் யாரும் படிக்க முடியாத வடிவத்தில் பேரேட்டிலேயே இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் சில வரிகளோ பேரேட்டில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொட்டலத்தில் மட்டும் சேர்த்திருந்தார்கள். கிட்டை எத்தனை முறை ஆடிட் செய்தாலும் அந்த வவுச்சர் கிடைக்காது.

கண்டுபிடித்தது எந்த அளவுகோலும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்கிறவர், வேறு ஏதோ சோதனைக்காகத் தன் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரை நொடி! விட்டுவிடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். கள்ளக் கதவு பெரும்பாலான வழங்கிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே அகப்பட்டது.

பிறகு பேரேடு மறுபடி வேலைக்கு வந்தது. ஆய்வாளர்கள் ஜியா டான் பதிவுகளின் நேரங்களை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் சீனாவின் நேர மண்டலம். ஆனால் சிலவற்றில் கடிகாரத்தை மாற்ற மறந்த மாதிரி, கிழக்கு ஐரோப்பிய நேரம். சீனப் புத்தாண்டு அன்று வேலை செய்திருக்கிறார், கிறிஸ்துமஸ் அன்று செய்யவில்லை. அவர் யார், ஒருவரா பலரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பெயரைத் தட்டச்சு செய்தவர் அவரேதானே.

அந்தக் கணக்கை முடக்கினார்கள். 2024 மே 29 அன்று கள்ளக் கதவு நீக்கப்பட்ட 5.6.2 வெளிவந்தது. வெளியிட்டவர் அந்தப் பழைய பராமரிப்பாளர்தான்.